வாக்கு யாருடைய சொத்து? கிளேர் தொகுதியின் சரித்திரம்

ஒரு பார்லிமெண்டுத் தொகுதியின் சரித்திரம் என்றால், இன்ன வருஷத்தில் இன்னார் இத்தனை வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்னும் அட்டவணையைத் தவிர அதில் வேறென்ன இருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான தொகுதிகளைப் பொறுத்தவரையில் அந்தக் கேள்வி நியாயமானதுமாகும். ஆனால் அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஒரு புறம் ஷானன் நதியும் மறுபுறம் அட்லாண்டிக் மகாசமுத்திரமும் வளைத்துக்கொள்ள, வடக்கே பர்ரன் என்னும் சுண்ணாம்புப் பாறை வெளியில் போய் முடியும் கிளேர் ஜில்லாவானது, 1801-ஆம் வருஷம் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக லண்டன் பார்லிமெண்டுக்குத் தன் பிரதிநிதிகளை அனுப்பிவந்த கதையை அட்டவணைக்குள் அடக்கிவிட முடியாது. அந்த ஜில்லாவில் நடந்த ஒரே ஓர் இடைத்தேர்தல் பிரிட்டிஷ் மந்திரிசபையைப் பணியவைத்தது. தொண்ணூறு வருஷங்களுக்கு ஒன்று குறைவாகக் கழிந்தபின் அங்கேயே நடந்த மற்றோர் இடைத்தேர்தல் பழைய ஐரிஷ் தேசியக் கட்சியின் முடிவைக் கட்டியங்கூறி அறிவித்தது. இவ்விரண்டுக்கும் நடுவே பஞ்சமும், துப்பாக்கிப் பிரயோகமும், நாவல் எழுத்தாளன் கற்பனை செய்யத் தயங்கக்கூடிய சில மனிதர்களும் வந்துபோனார்கள்.

கிளேரைப் பற்றி எழுதியவர்களிடையே நெடுங்காலமாக ஒரு தர்க்கம் இருந்துவருகிறது. 1828-ல் அந்த ஜில்லாவின் குடியானவர்கள் தங்கள் நிலப்பிரபுக்களை மீறி வாக்களித்தது ஒரு ஜாதியாரின் விழிப்பு என்று ஒரு சாரார் கொண்டாட, நிலப்பிரபுவின் சாட்டை பாதிரியாரின் கைக்கு மாறியதே அங்கே நடந்த மாறுதல், சாட்டைக்குக் கீழே குனிந்த முதுகு என்னவோ பழைய முதுகுதான் என்று மற்றொரு சாரார் ஏளனம் செய்தார்கள். இரண்டு கட்சியும் வாக்காளனுடைய மனத்துக்குள் புகுந்து பார்த்துவிட்டதாகப் பாவித்துப் பேசுகின்றன. அவனுடைய மனம் எப்படி இருந்திருந்தாலும், அவனுடைய வாக்கு அவன் கையில் பத்திரமாக இருப்பதற்கான ஏற்பாடு எதுவும் அந்தக் காலத்துச் சட்டத்தில் இல்லை என்பதையும், அதைத் தம் பொருட்டு அவனிடமிருந்து பெற்றுக்கொண்டவர்கள், பெற்றுக்கொண்ட பிறகு அவனைப் பாதுகாப்பதில் அவ்வளவு சிரத்தை காட்டவில்லை என்பதையும் இந்தத் தொகுதியின் சரித்திரம் திரும்பத்திரும்பக் காட்டுகிறது. அந்தக் கோணத்திலிருந்தே இங்கே அதைப் பரிசீலிக்க உத்தேசம்.

1800-ல் இயற்றப்பட்ட இணைப்புச் சட்டத்தால் டப்ளினில் இருந்த ஐரிஷ் பார்லிமெண்டு ஒழிந்துபோய், அதன் 300 ஸ்தானங்களுக்குப் பதிலாக லண்டனில் 100 ஸ்தானங்கள் ஐரிஷ்காரருக்குக் கொடுக்கப்பட்டன. முப்பத்திரண்டு ஜில்லாக்களும் தலைக்கு இரண்டு அங்கத்தினரை அனுப்பின, கிளேரும் அவ்வாறே. அதன் தலைநகரமாகிய எனிஸ் தனியாக ஒருவரை அனுப்பியது. அது நம் விஷயமன்று. ஜில்லாத் தொகுதியில் வாக்குரிமை பெற்றவர்களிற் பெரும்பாலோர் ‘நாற்பது ஷில்லிங்காரர்’ எனப்பட்ட சிறு குடியானவர்கள். ஒருவருடைய ஆயுள் வரையிலோ, பெயர் குறிப்பிட்ட சிலருடைய ஆயுள் வரையிலோ செல்லக்கூடிய குத்தகைச் சீட்டு ஒன்று கையில் இருந்து, குத்தகைப் பணம் போக வருஷத்துக்கு 40 ஷில்லிங், அதாவது இரண்டு பவுன், அந்த நிலத்தில் மிஞ்சும் என்று சத்தியம் செய்யக்கூடியவன் வாக்காளனாவான். தம்முடைய நிலத்தில் இத்தகையவர்கள் எத்தனைக்கெத்தனை பெருகுகிறார்களோ அத்தனைக்கத்தனை தமக்கு அரசியல் செல்வாக்கு என்று கண்ட நிலப்பிரபுக்கள், பண்ணைகளைத் துண்டு துண்டாக நறுக்கிச் சீட்டு எழுதிக்கொடுத்து வாக்காளரை விளைவித்தார்கள் என்று சொன்னாலும் பொருந்தும். தேர்தல் நாளில் பண்ணைக் காரியஸ்தன் முன்னே போகக் குடிகள் பின்னே போவார்கள். வாக்குச் சாவடியில் அதிகாரியின் முன்னிலையில், இரு தரப்பு ஏஜெண்டுகளும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, வேட்பாளரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குத்தகை பாக்கி இல்லாத குடியானவன் அபூர்வம். பாக்கிக்காரன் எஜமானுக்கு விரோதமான பெயரை உரக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடியுமா?

கத்தோலிக்கருக்கு 1793-லேயே வாக்குரிமை வந்துவிட்டது. வாக்களிக்கலாம், தேர்ந்தெடுக்கப்படலாமா என்பதில் ஒரு விசித்திரம். கத்தோலிக்கன் தேர்தலுக்கு நிற்கக்கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. காமன்ஸ் சபையில் உட்காருமுன் எடுத்துக்கொள்ள வேண்டிய சத்தியப்பிரமாணமும் பிரகடனமும், அவனுடைய மதத்தின் ஜீவாதாரமான கொள்கைகளை அவன் வாயாலேயே நிராகரிக்கச் செய்யும்படி அமைந்திருந்தன. வாசற்படி வரையில் தடையில்லை, உள்ளே மட்டும் போக முடியாது. இந்த வாசற்படியைத்தான் டேனியல் ஓகானல் என்னும் கெர்ரி ஜில்லா வக்கீல் தம்முடைய போர்க்களமாகத் தேர்ந்துகொண்டார். 1823-ல் அவர் ஸ்தாபித்த கத்தோலிக்க சங்கம், அடுத்த வருஷம் முதல் மாதம் ஒரு பென்னி வீதம் ஏழைகளிடம் சந்தா வசூலிக்கத் தொடங்கி, ஞாயிறுதோறும் கோயில் வாசலில் பாதிரிமார்களின் மேற்பார்வையில் சேர்ந்த அந்தச் செப்புக் காசுகளால், அதுவரையில் ஐரோப்பா கண்டிராத ஒரு வெகுஜன ஸ்தாபனமாக வளர்ந்தது. 1826 பொதுத்தேர்தலில் வாட்டர்போர்டு ஜில்லாவின் குடிகள், தலைமுறை தலைமுறையாகத் தங்களை ஆண்ட பெரெஸ்போர்டு குடும்பத்தைக் கைவிட்டு, கத்தோலிக்கருக்கு அனுகூலமான ஒரு பிராட்டஸ்டண்டு வேட்பாளரை ஜெயிக்கவைத்தார்கள். சாட்டை அறுந்துபோகக்கூடியது என்று அன்று தெரிந்தது.

1828 மே மாதத்தில், வெலிங்டன் பிரபுவின் மந்திரிசபையிலிருந்து சிலர் விலக, காலியான வர்த்தக போர்டுத் தலைமைப் பதவிக்குக் கிளேர் அங்கத்தினர்களில் ஒருவராகிய வெசி ஃபிட்ஜெரால்டு நியமிக்கப்பட்டார். மந்திரிப் பதவி ஏற்பவர் தம் தொகுதிக்குத் திரும்பிச் சென்று மறுபடியும் தேர்தலுக்கு நிற்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. ஃபிட்ஜெரால்டு கெட்டவரல்லர், ஜில்லாவில் மதிப்புள்ளவர், கத்தோலிக்கரின் கோரிக்கைக்கு ஆதரவாகச் சபையில் வாக்களித்தவர். அவருடைய தகப்பனாரோ, இணைப்புச் சட்டத்தை எதிர்த்து அரசாங்க உத்தியோகத்தை இழந்தவர். அப்போது நோயுற்றுக் கிடந்தார். இப்படிப்பட்ட ஒரு மித்திரரைத் தோற்கடிக்கத்தான் வேண்டுமா என்ற சஞ்சலம் கத்தோலிக்க சங்கத்தினரிடையே எழாமலில்லை. ஆனால் வெலிங்டன் மந்திரிசபையை ஆதரிக்கும் எவரையும் எதிர்ப்பது என்று சங்கம் ஏற்கெனவே தீர்மானம் செய்திருந்தது. தீர்மானத்தைக் காற்றில் விட்டால் சங்கத்தின் வார்த்தைக்கு மதிப்பேது? முதலில் வில்லியம் மக்நமாரா என்ற பிராட்டஸ்டண்டுப் பிரபுவை அணுகினார்கள். 1815-ல் ஓகானல் துவந்த யுத்தத்தில் ஒருவரைச் சுட்டுக் கொன்றபோது அவருக்குத் துணையாள் நின்ற மனிதர் அவர். என்றாலும், ஃபிட்ஜெரால்டுக்கு எதிராக நிற்க அவர் ஒப்பவில்லை. அப்போதுதான், வேறு எவரும் வேண்டாம், ஓகானலே நிற்கட்டும் என்ற யோசனை பிறந்தது. ஜூன் 24-ஆம் தேதி அவருடைய விண்ணப்பம் வெளியாயிற்று. உட்கார முடியாத நாற்காலிக்கு ஒருவர் போட்டியிடுகிறார் என்ற செய்தியில் இருந்த வேடிக்கையும் விபரீதமும் ஒருங்கே மந்திரிகளுக்குப் புலப்பட்டிருக்க வேண்டும்.

ஜூலை முதல் தேதி தொடங்கி ஐந்து நாள் எனிஸ் நகரில் வாக்குப் பதிவு நடந்தது. ஓகானலின் சகாவும் வக்கீலுமாகிய ரிச்சர்டு லாலர் ஷீல் அந்த நாட்களை நேரில் கண்டு எழுதிவைத்திருப்பதனால், அந்தச் சிறிய ஊரின் தெருக்கள் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. முப்பதாயிரம் ஜனங்கள் கூடினார்கள் என்று மதிப்பிட்டவர்கள் உண்டு. கிராமம் கிராமமாகப் பச்சைக் கிளைகளை ஏந்திக்கொண்டு, தலைக்கு ஒரு பாதிரியாருடன் குடிகள் வந்து இறங்கினார்கள். மது அருந்துவதில்லை என்று அவர்கள் செய்துகொண்ட விரதத்தை, விஸ்கி இல்லாத தேர்தலைப் பார்த்தறியாத அந்த நாடு கண்டு ஆச்சரியப்பட்டது; கலகம் நேர்ந்தால் அடக்கத் தயாராக வைத்திருந்த துருப்புகளுக்கு வேலையில்லாமற்போயிற்று. இத்தனை பேர் இத்தனை நாள் ஒழுங்காக இருந்ததுதான், குடித்துக் கலகம் செய்திருந்தால் உண்டாகக்கூடிய பயத்தைவிட அதிகமான பயத்தை அரசாங்கத்துக்கு உண்டாக்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

வேட்பாளர்களை முன்மொழிந்த காட்சியும் ரசமானது. ஃபிட்ஜெரால்டின் பக்கம் ஜில்லாவின் பெரிய மனிதர்கள் அனைவரும் நின்றார்கள். அவர்களில் முதன்மையானவர் டிரொமலண்டு மாளிகையின் சர் எட்வர்டு ஓபிரையன். தொகுதியின் மற்றொரு ஸ்தானத்தை வகித்தவர் அவருடைய மூத்த குமாரர் லூசியஸ். இளைய குமாரர் வில்லியம் ஸ்மித் ஓபிரையன் சில மாதங்களுக்கு முன்தான் எனிஸ் நகரத்தின் அங்கத்தினராகியிருந்தார். இருபது வருஷத்துக்குப்பின் ஆயுதக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கித் தீவாந்தரம் போகப்போகும் தேசபக்தர் அவர். அன்றைக்கோ ஓகானலின் எதிர்த்தரப்பில் இருந்தார். ஓகானலின் பக்கத்தில் கனவான்கள் இரண்டொருவரே. ஒருவர் டாம் ஸ்டீல், பிராட்டஸ்டண்டாக இருந்தும் ஓகானலைக் குலதெய்வம்போல் கொண்டாடியவர். மற்றவர் ஓகார்மன் மேயன்: வாலிபர், அழகர், கழுத்தில் பச்சைப் பட்டும் பதக்கமுமாகத் தோன்றி, அதைக் கழற்றும்படி ஷெரீப் உத்தரவிட்டபோது, மிகுந்த மரியாதையோடும் அதைவிட மிகுந்த திமிரோடும் மறுத்தவர். இந்த மேயன் இக்கட்டுரையில் இன்னும் இரு முறை நம் முன் வருவார்.

முதல் நாள் ஃபிட்ஜெரால்டு பேசிய பேச்சு கூட்டத்தை உருக்கிவிட்டது. தம் குடும்பத்தார் கத்தோலிக்கருக்குச் செய்ததை எடுத்துச் சொல்லி, நோயுற்ற தகப்பனாரைக் குறிப்பிட்டபோது அவர் கண்ணீர் விட்டார். எதிரிகளிற் பலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த உருக்கம் அப்படியே நீடித்திருந்தால் முடிவு எப்படியாகியிருக்குமோ. ஓகானல் எழுந்து, இந்த நண்பர் யார் யாருடைய மந்திரிசபையில் சம்பளம் வாங்கினார், கத்தோலிக்கரின் பகைவர்களோடு எத்தனை வருஷம் தோளோடு தோள் நின்றார் என்று இரக்கமில்லாமல் அடுக்கிக் காட்டி, ஈரமாகியிருந்த நெஞ்சங்களை மறுபடியும் கனலச் செய்தார். நாகரிகமான பேச்சு என்று அதைச் சொல்ல முடியாது. அதற்குப் பின் நடந்தது நிலப்பிரபுக்களுக்கு விளங்காத ஒரு காரியம். தம் குடிகளைத் தாமே அழைத்துவந்த கனவான்கள், சாவடியில் அதே குடிகள் ஓகானலின் பெயரைச் சொல்வதைக் காதால் கேட்டார்கள். சர் எட்வர்டு ஓபிரையனைத் தலைமுறைகளாக ‘நம் எஜமான்’ என்று சொல்லிவந்தவர்களே கைவிட்டார்கள். கொரொஃபினைச் சேர்ந்த மர்ஃபி பாதிரியாரைப் போன்றவர்கள் ஐரிஷ் பாஷையில் பேசிய பேச்சுகளுக்கு முன் காரியஸ்தர்களின் மிரட்டல் பலிக்கவில்லை. ஐந்தாம் நாள் கணக்கில் ஓகானலுக்கு 2,057, ஃபிட்ஜெரால்டுக்கு 982. பெரிய குடும்பங்களின் செல்வாக்கெல்லாம் தகர்ந்துவிட்டது, இதன் பின் வரப்போவதை நினைத்தால் திகிலாயிருக்கிறது என்ற கருத்தில் ஃபிட்ஜெரால்டு உள்நாட்டு மந்திரி பீலுக்குக் கடிதம் எழுதினார். இந்த ஃபிட்ஜெரால்டு பின்னர் பிரபுப் பட்டம் பெற்று, 1841 முதல் 1843-ல் இறக்கும் வரையில் லண்டனில் இந்திய விவகாரக் கட்டுப்பாட்டுப் போர்டின் தலைவராக இருந்தார் என்பது நம் வாசகர்கள் அறியவேண்டிய செய்தி; கிளேர் குடியானவர்கள் வேண்டாம் என்று தள்ளியவர், வாக்கு என்பதையே அறியாத கோடிக்கணக்கான ஜனங்களின் காரியங்களை மேற்பார்வை செய்யத் தகுதியுள்ளவராகவே கருதப்பட்டார்.

பாதிரியார்களுக்குப் பயந்து வாக்களித்தார்களா, பிரியப்பட்டு வாக்களித்தார்களா? பரலோகத்தில் தண்டனை என்ற பயமுறுத்தலும், கட்டுப்பாட்டை மீறியவனை ஊர் விலக்கிவைக்கும் என்ற அச்சமும் இருந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அடுத்த வாரமே குத்தகை பாக்கிக்காக மாட்டை ஓட்டிக்கொண்டுபோகும் அதிகாரம் நிலப்பிரபுவுக்கு இருந்தது, பாதிரியாருக்கு இல்லை. மாட்டைப் பணயம் வைத்து ஒருவன் வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொன்னால், அவனை வெறும் ஊமைப் பொம்மை என்று சொல்லிவிட மனம் வரவில்லை.

வெலிங்டனும் பீலும், கிளேர் மாதிரியான தேர்தல்கள் ஐரிஷ் ஜில்லாக்கள்தோறும் நடக்குமானால் அங்கே அரசாட்சி செய்ய முடியாது என்று கண்டு, தம் கட்சியின் கோபத்தையும் அரசரின் கண்ணீரையும் சகித்துக்கொண்டு, 1829 ஏப்ரல் 13-ஆம் தேதி கத்தோலிக்கர் விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றிவைத்தார்கள். இங்கேதான் இந்தச் சரித்திரத்தின் மிகக் கசப்பான அத்தியாயம் ஆரம்பமாகிறது. விடுதலைச் சட்டத்தோடு கூடவே இன்னொரு சட்டமும் வந்தது: ஐரிஷ் ஜில்லாக்களில் வாக்குரிமைக்கான தகுதி 40 ஷில்லிங்கிலிருந்து பத்துப் பவுனாக உயர்த்தப்பட்டது. ஒரே வீச்சில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டிருந்த ஐரிஷ் ஜில்லா வாக்காளர்கள் நாற்பதினாயிரத்துக்கும் கீழே இறங்கினார்கள். எனிஸ் சாவடியில் மாட்டைப் பணயம் வைத்துப் பெயர் சொன்னவர்களில் ஏறக்குறைய எல்லாரும், தாங்கள் திறந்துவிட்ட கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். கத்தோலிக்க வக்கீல்களும் சீமான்களும் பார்லிமெண்டுக்கும் பெரிய உத்தியோகங்களுக்கும் உள்ளே போனார்கள். அந்த ஏழைகளின் உரிமையை விற்று விடுதலையை வாங்கமாட்டேன் என்று மேடையில் சொல்லியிருந்த ஓகானல், காரியம் நடந்தபோது ஆட்சேபித்தார் என்றாலும், அதைத் தடுப்பதற்காக ஒரு தேசத்தைத் திரட்டத் துணியவில்லை. ஓகானலின் மீது நமக்குள்ள மதிப்பு எவ்வளவாயினும், இந்த இடத்தில் அவருடைய வழக்கைச் சற்றுப் பலவீனமானதென்றே சொல்ல வேண்டும்.

அவருக்கும் ஓர் அவமதிப்பு காத்திருந்தது. புதிய சட்டத்தின் எளிய பிரமாணம், சட்டம் வந்தபின் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு மட்டுமே உரியது என்று எழுதிவைத்திருந்தார்கள். 1829 மே 15-ஆம் தேதி காமன்ஸ் சபைக்குச் சென்ற அவரிடம் பழைய பிரமாணத்தையே நீட்ட, அவர் மறுத்தார். 116-க்கு எதிராக 190 வாக்குகளால் சபை அவரைத் திருப்பி அனுப்பியது. ஜூலை மாதத்தில் கிளேர் அவரைப் போட்டியின்றி மீண்டும் தேர்ந்தெடுத்தது. 1830 பிப்ரவரியில் சபையில் உட்கார்ந்தவர், அதே வருஷத்துப் பொதுத்தேர்தலில் வாட்டர்போர்டுக்குப் போய்விட்டார். ஆக, அவருக்கும் கிளேருக்கும் இருந்த சம்பந்தம் இரண்டு வருஷத்துக்குச் சிறிது அதிகம். எனிஸில் அவர் ஜெயித்த பழைய நீதிமன்றம் இருந்த இடத்தில் 1860-களில் ஒரு ஸ்தம்பம் நாட்டி அவர் சிலையை உச்சியில் நிறுத்தியிருக்கிறார்கள். வாக்கிழந்தவர்களுக்குச் சிலை இல்லை.

ஓகானலுக்குப் பின் வந்த இருபது வருஷங்களைச் சீக்கிரமாகக் கடந்துவிடலாம். 1830-ல் வென்ற மேயன், லஞ்சக் குற்றச்சாட்டினால் மறு வருஷமே ஸ்தானத்தை இழக்க, ஓகானலின் குமாரர் மாரிஸ் அதில் அமர்ந்தார். முன்பு நிற்க மறுத்த மக்நமாரா, 1830 முதல் 1852 வரையில் அங்கத்தினராயிருந்தார். 1832-ல் வந்த கொர்னேலியஸ் ஓபிரையன், சமுத்திரத்தின்மீது செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகளின் உச்சியில் ஒரு கோபுரம் கட்டிவைத்ததனால், பார்லிமெண்டில் அவர் என்ன பேசினார் என்பதைவிட நிச்சயமான கீர்த்தி ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டார்.

பிறகு 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1841 ஜனத்தொகைக் கணக்கில் ஏறக்குறைய 2,86,000 பேர் இருந்த கிளேரில், 1851 கணக்கில் 2,12,000 பேரே மிஞ்சினார்கள். மேற்குக் கிளேரில் கில்ரஷ் சுற்றுவட்டாரத்தில் குடிகளை ஆயிரக்கணக்கில் வெளியேற்றி வீட்டுக் கூரைகளை இடித்துத் தள்ளியது, பஞ்ச காலத்து அயர்லாந்திலும் அவப்பெயர் பெற்ற கொடுமை. அதைக் குறித்துப் பார்லிமெண்டுக் கமிட்டி விசாரணை செய்ய நேர்ந்தது. அந்த வட்டாரத்தின் பிரதான நிலப்பிரபு கர்னல் வாண்டெலூர். அவரே 1859-ல் கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் கிளேரின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1874 வரையில் பதினைந்து வருஷம் அந்த ஸ்தானத்தில் இருந்தார். 1828-ஐ மட்டும் படித்துவிட்டுக் கிளேரை ஒரு நிரந்தரப் புரட்சித் தொகுதியாக வர்ணிப்பவர்கள் இந்தப் பதினைந்து வருஷத்தை எங்கே வைப்பார்களோ தெரியவில்லை. 1850-ஆம் வருஷத்துச் சட்டம், 12 பவுன் மதிப்புள்ள நிலத்தை அனுபவிப்பவனுக்கு வாக்கு என்று தகுதியை மாற்றியமைத்து வாக்காளரைப் பெருக்கியிருந்தபோதிலும், வாக்கு இன்னும் வாய்ச்சொல்லாகவே இருந்தது. பஞ்சத்தில் அண்டைவீட்டான் கூரை விழுந்ததைப் பார்த்தவனுடைய வாய்ச்சொல்.

அந்த வாய்ச்சொல்லின் விலை 1852 ஜூலை 22-ஆம் தேதி சிக்ஸ்மைல்பிரிட்ஜ் என்னும் ஊரில் பட்டவர்த்தனமாயிற்று. நிலப்பிரபுவின் விருப்பப்படி வாக்களிக்கச் சில குடிகளைப் பட்டாளத்தார் காவலுடன் வண்டிகளில் அழைத்துவந்தார்கள், வழியில் ஜனக்கூட்டம் மறித்தது, கல் பறந்தது, சிப்பாய்கள் சுட்டார்கள். குறைந்தது ஆறு பேர் மாண்டார்கள். மரண விசாரணை ஜூரி இதைக் கொலை என்றே தீர்ப்புச் சொல்லியும், கடைசியில் எவரும் தண்டிக்கப்படவில்லை. ஒரு வாக்காளனை ஒரு புறம் சிப்பாயும் மறு புறம் ஊராரும் பிடித்திழுக்கும் அந்தச் சாலையில், நாம் ஆரம்பத்தில் கண்ட தர்க்கத்தின் இரு கட்சிகளும் நேருக்குநேர் நின்றதாக நான் நினைப்பதுண்டு. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் யாரை விரும்பினார்கள் என்று அன்று கேட்டவர் இல்லை.

1872-ல் ரகசிய வாக்குச் சட்டம் வந்தது. காகிதத்தில் குறியிட்டு மடித்துப் போடும் அந்த எளிய உபாயம், எந்தப் பிரசங்கியும் பாதிரியாரும் செய்யாத உதவியைக் கிளேர் குடியானவனுக்குச் செய்தது. அடுத்த பொதுத்தேர்தலிலேயே வாண்டெலூரின் ஆதிக்கம் முடிந்தது. ஆனால் சுதந்தரம் பெற்ற வாக்காளர்கள் அதைக்கொண்டு செய்த முதற்காரியங்களில் ஒன்று சற்று விநோதமானது. 1877-ல் அங்கத்தினர் சர் கோல்மன் ஓலொக்லன் இறந்துபோக, பூமியின் மறுகோடியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் வசித்த அவருடைய சகோதரர் பிரையனை, அவர் அங்கிருக்கும்போதே, கிளேர் தேர்ந்தெடுத்தது. அவர் வரவே இல்லை. விக்டோரியாவில் அட்டர்னி ஜெனரல் பதவியை ஏற்றுக்கொண்டார். பின்னர் அந்த மாகாணத்தின் முதல் மந்திரியும் ஆனார். இரண்டு வருஷ காலம் அங்கத்தினர் இல்லாமலே ஒரு ஸ்தானம் இருந்தபின், 1879-ல் லண்டன் சபை அதைக் காலியென்று தீர்மானித்தது.

அந்தக் காலியிடத்துக்கு வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? எனிஸ் நீதிமன்றத்தில் பச்சைப் பட்டைக் கழற்ற மறுத்த அதே ஓகார்மன் மேயன். ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, எண்பதைத் தொட்ட வயதில், வெண்மயிர் தோளில் புரள அவர் வந்தார். இடைக்காலத்தில் தென் அமெரிக்க ராஜ்யங்களின் யுத்தங்களில் தளபதியாகவும் கடற்படைத் தலைவராகவும் இருந்ததாக அவர் சொல்லிக்கொண்டார். அவர் சொன்னதில் பாதியைத் தள்ளினாலும் மூன்று ஆயுளுக்குப் போதுமான சாகசங்கள் மிஞ்சும். 1880 பொதுத்தேர்தலில் கிளேரின் இரண்டு ஸ்தானங்களுக்கும் அவரும், அவருடைய சிநேகிதர் காப்டன் வில்லியம் ஓஷே என்பவரும் ஜெயித்தார்கள். மேயன்தான் இந்த ஓஷேயை, ஐரிஷ் சுயாட்சி கோரிய ஹோம் ரூல் கட்சியின் தலைவர் பார்னலுக்கு அறிமுகம் செய்துவைத்தவர். ஓஷேயின் மனைவி காதரீனுக்கும் பார்னலுக்கும் ஏற்பட்ட உறவு, ஒன்பது வருஷத்துக்குப்பின் விவாகரத்து வழக்காக வெடித்து, ஹோம் ரூல் கட்சியை இரண்டாகப் பிளந்து, பார்னலை 1891-ல் நாற்பத்தைந்து வயதில் கல்லறைக்கு அனுப்பியதை உலகம் அறியும். அறிமுகத்தால் விளைந்ததையெல்லாம் அறிமுகம் செய்தவர் தலையில் கட்டுவது நியாயமன்று. ஆனாலும், அந்தச் சங்கிலியின் முதற்கண்ணி கிளேரின் வாக்குப் பெட்டியிலிருந்து வந்தது.

அதே 1880-ல், செப்டம்பர் 19-ஆம் தேதி, எனிஸில் கூடிய பெருங்கூட்டத்தில் பார்னல் செய்த பிரசங்கம் வேறு வகையில் உலகத்தைத் தொட்டது. வெளியேற்றப்பட்ட குடியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனைச் சுட வேண்டாம், தெருவிலும் கடையிலும் கோயிலிலும் அவனோடு எந்த வியவகாரமும் வைத்துக்கொள்ளாமல், குஷ்டரோகியை ஒதுக்கியதுபோல் ஒதுக்கிவிடுங்கள் என்பது அதன் சாரம். சில நாட்களுக்குள் மேயோ ஜில்லாவில் பாய்காட் என்ற காரியஸ்தர்மீது இந்த முறை பிரயோகிக்கப்பட, அவருடைய பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாயிற்று. நம் பத்திரிகைகள் ஒரு காலத்தில் நாள்தோறும் அச்சிட்ட ‘பகிஷ்காரம்’ என்பதற்குப் பின்னாலும் அந்த எனிஸ் மைதானத்தின் எதிரொலி உண்டு. இதில் கவனிக்கத்தக்கது ஒன்று: அயலாரின் கண் என்பது, 1828-லும் 1852-லும் வாக்காளனை அச்சுறுத்திய அதே ஆயுதம், ரகசிய வாக்கினால் சாவடியிலிருந்து விரட்டப்பட்ட அது, நிலத் தகராறில் சட்டத்துக்கு உட்பட்ட கருவியாக மறுபிறவி எடுத்தது.

1885-ல், வாக்காளர் தொகையை அயர்லாந்து முழுவதிலும் மும்மடங்குக்கு மேல் பெருக்கிய சீர்திருத்தத்தோடு, கிளேர் கிழக்கு, மேற்கு என இரண்டு ஒற்றை ஸ்தானத் தொகுதிகளாக வெட்டப்பட்டது. பழைய தொகுதி அன்றோடு ஒழிந்தது என்பது சட்டத்தின் கணக்கு. சரித்திரத்தின் கணக்கில் அதன் வாரிசுகள் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மேற்குக் கிளேரைப் பற்றி ஒரு மனிதரைச் சொன்னால் போதும். 1909 முதல் 1918 வரையில் அதன் அங்கத்தினராயிருந்த ஆர்தர் லின்ச், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். தென் ஆப்பிரிக்க யுத்தத்தில் போயர்களின் பக்கம் நின்று பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டவர். 1903-ல் ராஜத்துரோகத்துக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, அது குறைக்கப்பட்டு, விடுதலையும் பின்னர் மன்னிப்பும் பெற்று, எந்த ராஜ்யத்துக்குத் துரோகம் செய்ததாகத் தீர்ப்பாயிற்றோ அதே ராஜ்யத்தின் பார்லிமெண்டில் கிளேர்காரருக்காக உட்கார்ந்தார்.

கிழக்குக் கிளேரை 1892 முதல் கால் நூற்றாண்டு காலம் வகித்தவர் வில்லி ரெட்மண்டு, கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்டின் தம்பி. பார்னலோடு சிறையிலிருந்தவர். 1914-ல் மகாயுத்தம் மூண்டபோது, ஐரிஷ்காரர் பிரிட்டனோடு சேர்ந்து போரிட்டால் ஹோம் ரூல் நிச்சயம் கைகூடும் என்று நம்பிய அவர், ஐம்பதைத் தாண்டிய வயதில் தாமே பட்டாளத்தில் சேர்ந்தார். 1917 ஜூன் 7-ஆம் தேதி பெல்ஜியத்தில் மெசீன் மேட்டில் காயம்பட்டு விழுந்த அவரைத் தூக்கிச் சென்றவர்கள், ஹோம் ரூலைத் துப்பாக்கியால் எதிர்ப்போம் என்று சபதம் செய்திருந்த அல்ஸ்டர் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். அன்றே இறந்தார்.

அவருடைய மரணத்தால் நடந்த இடைத்தேர்தல், தொண்ணூறாம் வருஷத்தை நெருங்கிய 1828-இன் மறுபதிப்புப்போல அமைந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் பங்கேற்று, மரண தண்டனையிலிருந்து தப்பி, ஜூன் மாதத்தில் இங்கிலீஷ் சிறையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த எமன் டி வலேரா என்னும் கணித ஆசிரியர், தொண்டர் படையின் சீருடை அணிந்து கிராமம் கிராமமாகச் சென்றார். பழைய கட்சி நிறுத்திய பாட்ரிக் லின்ச் உள்ளூர்க்காரர், செல்வாக்குள்ள வக்கீல், ஜில்லாவின் அனேக வழக்குகளில் குடிகளுக்காக வாதாடியவர். அவருடைய உறவினர் கணக்கே ஒரு வாக்காளர் ஜாபிதா என்று சொல்லத்தக்க விஸ்தாரம். ஓகானல் எப்படித் தாம் உட்கார முடியாத நாற்காலிக்கு நின்றாரோ, அப்படியே டி வலேரா தாம் உட்கார விரும்பாத நாற்காலிக்கு நின்றார்; லண்டன் சபைக்குப் போகமாட்டோம் என்பதே அவருடைய கட்சியின் கொள்கை. இளம் பாதிரிமார்களில் பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். ஜூலை 10-ஆம் தேதி வாக்குப்பதிவு. டி வலேராவுக்கு 5,010, லின்ச்சுக்கு 2,035. ஓகானலுக்கும் ஃபிட்ஜெரால்டுக்கும் இருந்த விகிதத்தை ஒட்டியே இதுவும் விழுந்திருப்பதைக் காண்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு: இம்முறை காகிதம் மடித்துப் போடப்பட்டதனால், யார் யாருக்குப் பயந்து வாக்களித்தார்கள் என்று தர்க்கம் செய்ய எவருக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

1918-ல், இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களுக்கும் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிற் பெரும்பாலோர்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. பஞ்சத்தில் கூரை இழந்த குடும்பங்களின் பேரன்மாரும் பேத்திமாரும் முதன்முறையாக ஜாபிதாவில் ஏறினார்கள். ஆனால் அந்த வருஷம் டிசம்பரில் கிழக்குக் கிளேரில் டி வலேராவையும் மேற்குக் கிளேரில் பிரையன் ஓஹிகின்ஸையும் எதிர்க்க ஆள் இல்லை, வாக்குப்பதிவே நடக்கவில்லை. 1921 மே மாதத்தில், இரண்டு தொகுதிகளும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டு நான்கு அங்கத்தினர் கொண்ட புதிய கிளேர் தொகுதியானபோதும் போட்டியில்லை. 1922 ஜூனில், உள்நாட்டுச் சண்டைக்கு முந்திய வாரங்களில், பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களுமாகிய இரு தரப்பாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் நடந்த தேர்தலிலும் கிளேரில் போட்டியில்லை. லண்டனுக்கு அங்கத்தினர் அனுப்பும் கிளேர் தொகுதிகள் அந்த வருஷத்தோடு சட்டப்படி மறைந்தன.

1923 ஆகஸ்டு 15-ஆம் தேதி, எனிஸ் நகரில் மேடையேறிப் பேசத் தொடங்கிய, ஒப்பந்தத்தை எதிர்த்த டி வலேராவை, அந்த ஒப்பந்தத்தால் பிறந்த ஐரிஷ் சுயேச்சை ராஜ்யத்தின் துருப்புகள் கைது செய்து கொண்டுபோயின. பன்னிரண்டு நாள் கழித்து நடந்த தேர்தலில், சிறையிலிருந்த அவருக்கு 17,762 வாக்குகளும், அவரை எதிர்த்து நின்ற மந்திரியும் பண்டிதருமாகிய ஓயின் மக்நீலுக்கு 8,196 வாக்குகளும் விழுந்தன. 1918-ல் உரிமை பெற்ற கிளேர் ஸ்திரீகள் தேசிய சபைக்கான தேர்தல் ஒன்றில் சாவடிக்குள் சென்று காகிதத்தை மடித்துப் பெட்டியில் இட்டது அன்றுதான்.